உங்க பில்டிங் மழைத்தண்ணி எங்க போகுது?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்

ராயப்பேட்டையில இருந்து பேசுறேன். ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ரெக்கார்ட் பண்றேன், ஆனாலும் பீட்டர்ஸ் ரோடு ஹாரன் நடுநடுவுல எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கோங்க.

முன்னாடி கிளைமேட் சேஞ்ச் பத்தி ஒரு எபிசோட் பேசினப்போ நிறைய வாய்ஸ் நோட் வந்தது. அதுல ரெண்டு மட்டும் இன்னிக்கு. முதல்ல பேசினவங்க ஒரு பொண்ணு. "நான் துணிப்பை எடுத்துட்டுப் போறேன், ஸ்டீல் பாட்டில் வெச்சிருக்கேன், மூங்கில் பிரஷ்ல பல்லு தேய்க்கிறேன். ஆனா எண்ணூர் பக்கம் போனா நிலக்கரி எரிஞ்சுகிட்டேதான் இருக்கு. அப்போ நான் பண்றதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?" அப்படின்னு கேட்டாங்க. ரெண்டாவது ஒரு பையன். அவர் சொன்னது நேர் எதிர். "எதுக்கெடுத்தாலும் அரசாங்கம், கார்ப்பரேட்னு சொல்லிச் சொல்லியே நாம எதுவும் பண்ணாம தப்பிச்சுடுறோம் ப்ரோ. மாற்றம் நம்ம வீட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

கிளைமேட் பத்தி எங்க பேச்சு வந்தாலும், ஆபீஸ் கேன்டீன்லயும் சரி, சொந்தக்காரங்க கல்யாணத்துலயும் சரி, கடைசில இந்த ரெண்டு கட்சியா பிரிஞ்சுதான் நிக்கும். நான் மாறணுமா, சிஸ்டம் மாறணுமா?

ரெண்டு பக்கத்துலயும் உண்மை இருக்கு. "கார்பன் ஃபுட்பிரின்ட்"ங்கிற வார்த்தை வீட்டுக்கு வீடு தெரியுறதுக்கு ஒரு முக்கியக் காரணம், 2000களின் நடுவுல பிபிங்கிற பெட்ரோலிய கம்பெனி செஞ்ச விளம்பரம். எண்ணெய் எடுத்து விக்கிற கம்பெனி நம்மைப் பார்த்து "உன் கணக்கு எவ்வளவு?"னு கேட்டது. கோவம் வர்றது நியாயம்தான். அதுவும் இந்தியாவுல சராசரியா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. அமெரிக்காவுல அது 14 டன்னுக்குப் பக்கம். அதனால "நீ ஸ்ட்ரா யூஸ் பண்ணாதே"ன்னு நமக்குப் பாடம் எடுத்தா எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனா இன்னொரு பக்கம், நம்ம ஊர்ல ஏசி, கார், ஃப்ளைட்டுனு போற ஒரு கூட்டமும் அந்தச் சராசரிக்குப் பின்னாடி நிம்மதியா ஒளிஞ்சுக்குது. இதைக் கேக்குற நம்மள்ல பல பேர் அந்தக் கூட்டம்தான்.

இந்தச் சண்டைக்கு நம்ம சென்னையே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கு. 2003ல. அந்தப் பதிலோட பாதி சரியா வந்தது, பாதி இன்னும் நிலுவையில இருக்கு. அந்த நிலுவைப் பாதி இப்ப நீங்க உக்காந்திருக்கிற பில்டிங் வாசல்ல, ஒரு சிமென்ட் மூடிக்குக் கீழ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

2003ல என்ன நடந்தது

2003, 2004 சென்னைக்கு மோசமான வருஷங்கள். ஏரிகள் வத்திப்போச்சு, குழாய்ல தண்ணி வர்றது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. லாரி பின்னாடி குடத்தோட ஓடின கதை உங்க வீட்டுலயும் யாராவது சொல்லியிருப்பாங்க. பிளாஸ்டிக் குடம் வரிசை கட்டி நிக்கிற அந்தப் போட்டோக்கள் அந்தக் காலத்துலதான் சென்னையோட அடையாளம் மாதிரி ஆச்சு.

2003 ஜூலையில தமிழ்நாடு அரசு ஒரு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அப்ப ஜெயலலிதா முதலமைச்சர். எல்லாக் கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்கணும். புதுசா கட்டுறதுக்கு மட்டும் இல்ல, ஏற்கனவே கட்டினதுக்கும். வீடு, கடை, அரசு ஆபீஸ், எல்லாத்துக்கும். முதல்ல ஆகஸ்ட் கடைசி வரைக்கும்தான் கெடு. அப்புறம் கொஞ்சம் நீட்டிச்சாங்க. செய்யலைன்னா குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம்னு எச்சரிக்கை.

சும்மா நெனச்சுப் பாருங்க. லட்சக்கணக்கான வீடுகள், சில மாச அவகாசம். பிளம்பர் கிடைக்கல, பிவிசி பைப்பும் கூழாங்கல்லும் விலை ஏறிப்போச்சு, எல்லாரும் திட்டிக்கிட்டேதான் செஞ்சாங்க. ஆனா செஞ்சாங்க.

இது ஒரே ராத்திரில மேல இருந்து வந்த உத்தரவுன்னு நெனச்சா கதையில பாதி போயிடும். அதுக்கு முன்னாடி 1990கள்லயே பெசன்ட் நகர்ல சேகர் ராகவன்னு ஒருத்தர், இயற்பியல் படிச்சவர், வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டிக்கிட்டிருந்தார். "உங்க மொட்டை மாடித் தண்ணியை ரோட்டுல விடாதீங்க, மண்ணுக்குள்ள விடுங்க. இல்லைன்னா கிணத்துல கடல் தண்ணி ஏறும்." இதைத்தான் சொன்னார். பெரிய வரவேற்பு ஒண்ணும் இல்ல. பிறகு நண்பர்களோட சேர்ந்து ஆகாஷ் கங்கா டிரஸ்ட் வழியா மந்தைவெளிப் பக்கம் ரெயின் சென்டர்னு ஒரு இடம் அமைச்சாங்க. யார் வேணும்னாலும் போய், இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு கண்ணால பார்க்கலாம். 2002ல அதைத் திறந்து வெச்சவரும் முதலமைச்சர் ஜெயலலிதாதான். அடுத்த வருஷம் சட்டம் வந்தப்போ, "எப்படிச் செய்யுறது?"னு கேட்ட மக்களுக்குக் காட்ட ஏற்கனவே செஞ்சு பார்த்த ஆட்கள் ஊர்ல இருந்தாங்க.

நம்ம ரெண்டு வாய்ஸ் நோட்டுக்கும் இங்கேயே பாதி பதில் இருக்கு. தனி ஆள் செஞ்சதால மட்டும் ஊர் மாறல. ஏழெட்டு வருஷம் அவர் கதவைத் தட்டியும் ஊர் முழுக்கப் பரவல. ஆனா அந்த ஆள் இல்லாம சட்டம் மட்டும் வந்திருந்தா, பேப்பர்லதான் இருந்திருக்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

நான் இன்ஜினியர், கணக்கு போடாம விட மாட்டேன். பயப்படாதீங்க, பெருக்கல் மட்டும்தான்.

சென்னைல வருஷத்துக்குச் சராசரியா சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. இப்போ இருக்கிற மாநகராட்சிப் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 21 டிஎம்சி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் நிரம்பினாலே மொத்தம் 11 டிஎம்சி அளவுதான். அதாவது, நம்ம தலைமேல விழுற மழை, நாம குடிதண்ணிக்கு நம்பியிருக்கிற நாலு ஏரியோட கொள்ளளவு மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதுல நிறைய ஆவியாகும், நிறைய கடலுக்குப் போகும், எல்லாத்தையும் பிடிச்சு வைக்க முடியாது. ஆனாலும் "சென்னைல தண்ணி இல்ல"ங்கிற வாக்கியத்தை இனிமே கேக்குறப்போ இந்த 21ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ சின்னதா. 1,000 சதுர அடி மொட்டை மாடி இருக்கிற தனி வீடு. சேதாரம் போக வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிற கணக்குல, நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு மாசத் தண்ணி.

ஆனா நம்மள்ல எத்தனை பேர் தனி வீட்டுல இருக்கோம்? நான் இருக்கிற பில்டிங்கை எடுத்துக்கலாம். எட்டு வீடு, மொட்டை மாடி சுமார் 2,400 சதுர அடி. அதே கணக்குப்படி வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். வீட்டுக்கு 30,000 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு 55 நாள். அடுக்குமாடின்னு வந்துட்டா கூரையைப் பங்கு போட்டுக்கிறோம், அதனால தண்ணியும் சுருங்குது. இதை மறைச்சுட்டுப் பேசக் கூடாது. ஆனா 2.4 லட்சம்னா 12,000 லிட்டர் டேங்கர் கணக்குல 20 டேங்கர். ஏப்ரல், மே மாசத்துல 20 டேங்கருக்கு என்ன விலைன்னு உங்க அசோசியேஷன்ல கேட்டுப் பாருங்க.

பக்கத்து வீட்டு போர்வெல்

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். மழைத்தண்ணியை சம்ப்ல பிடிச்சா அது என்னோடது. மண்ணுக்குள்ள விட்டா? அதை பக்கத்து லாட்ஜோட போர்வெல் உறிஞ்சிக்கும். நான் காசு போட்டு குழி தோண்டுவேன், அவன் மோட்டார் போட்டு எடுப்பானா?

ஆமாம், எடுப்பான். நிலத்தடி நீருக்கு காம்பவுண்ட் சுவர் கிடையாது.

எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடமே இதுதான். கிளைமேட் பிரச்சனையும் அச்சு அசல் இதேதான். நான் எரிக்காம விட்ட பெட்ரோலோட பலன் எனக்கு மட்டும் வராது, உலகத்துக்கே பிரிஞ்சு போயிடும். அடுத்தவன் எரிச்சதோட சூடு என் தலைலயும் விழும். "நான் மட்டும் ஏன்?"னு எல்லாரும் நினைக்கிறதுக்கு எல்லாருக்கும் நல்ல காரணம் இருக்கு. அதனாலதான் ஐநா மாநாடு மாநாடா போட்டும் இழுத்துக்கிட்டே இருக்கு.

2003ல சென்னை இந்த முடிச்சை அவிழ்த்தது எப்படி? எல்லாரையும் ஒரே நேரத்துல செய்ய வெச்சு. பக்கத்து லாட்ஜும் குழி தோண்டணும். எதிர் வீடும் தோண்டணும். தலைமைச் செயலகமும் தோண்டணும். அப்போ "நான் மட்டும் ஏன்?"ங்கிற கேள்வியே எழாது. யாரும் திடீர்னு நல்லவங்களா மாறல. எல்லாரும் செய்வாங்கங்கிற நம்பிக்கை வந்ததும் செலவு பண்ணத் தயாரானாங்க.

பலனும் தெரிஞ்சது. அடுத்தடுத்த வருஷங்கள்ல பல பகுதியில கிணறுகள்ல தண்ணி மேல வந்தது, உப்புச் சுவை குறைஞ்சது. இதுல சட்டத்துக்கு எவ்வளவு பங்கு, 2005ல கொட்டின பேய் மழைக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். ஆனா மழை பெய்யுறப்போ அதை உள்ள வாங்கிக்க வாய் திறந்திருந்தது. அதுக்குக் காரணம் சட்டம்.

அப்புறம் ஏன் 2019?

சரியான கேள்வி. 2019 ஜூன்ல நாலு ஏரியும் சேர்ந்து கொள்ளளவுல ஒரு சதவீதம்கூட இல்ல. ஓஎம்ஆர்ல சில கம்பெனிகள் தண்ணி இல்லாம வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சொன்னாங்க. கொரோனாவுக்கு முன்னாடியே ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்த்த ஊர் நம்ம ஊர். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணி ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்பு. அப்போ ஊருக்குக் குழாய்லயும் லாரிலயும் குறைச்சுக் கொடுத்த தண்ணியே ஒரு நாளைக்கு 52 கோடி லிட்டருக்கு மேல. ரயில் கொண்டு வந்தது அதுல இருநூறுல ஒரு பங்கு.

இதை முழுக்க கிளைமேட் சேஞ்ச் தலைல தூக்கிப் போட்டா நிறைய பேர் தப்பிச்சுடுவாங்க. 2018ல வடகிழக்குப் பருவமழை கைவிட்டது உண்மை. ஆனா மழை பொய்க்கிறது சென்னைக்குப் புதுசு இல்ல. ஊரைச் சுத்தி இருந்த ஏரி, குளம், சதுப்பு நிலத்தை நாம வீட்டு மனையா மாத்தினதும் சேர்ந்துதான் 2019. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்துல இருந்ததுல இன்னிக்கு மிச்சம் கொஞ்சம்தான். 2022ல அதுக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சப்போ, காப்பாத்த மிச்சம் இருந்ததுக்குத்தான் கிடைச்சது.

அப்போ கிளைமேட் எங்க வருது? பெய்யுற விதத்துல. காத்து ஒரு டிகிரி சூடானா அது பிடிச்சு வெச்சுக்கிற ஈரப்பதம் சுமார் 7 சதவீதம் கூடும். பெய்யுறப்போ மொத்தமா கொட்டும். 2015 டிசம்பர் 1, 2 ஞாபகம் இருக்கும். நுங்கம்பாக்கத்துல 24 மணி நேரத்துல 29 சென்டிமீட்டர். வருஷம் முழுக்கப் பெய்யுறதுல அஞ்சுல ஒரு பங்கு ஒரே நாள்ல. நாலே வருஷம் கழிச்சு அதே ஊர் ரயில்ல தண்ணி கொண்டு வந்தது. அப்புறம் 2023ல மிக்ஜாம். ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் வறட்சின்னு மாறி மாறி வர்ற ஊர்ல, கொட்டுறப்போ உள்ள வாங்கி, இல்லாதப்போ எடுத்துத் தர்ற ஒரே பெரிய தொட்டி நம்ம காலுக்குக் கீழ இருக்கிற மண்ணுதான்.

ஆனா அந்த மண்ணுக்குப் போற வழி 2019லயே பல வீட்டுல அடைபட்டிருந்தது. வறட்சி வந்த பிறகு மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் மறுபடி வீடு வீடாப் போய்ச் சோதிக்க வேண்டியதாப் போச்சு. 2003ல போட்ட குழிகள் பலது வண்டல் அடைஞ்சு கிடந்தது. சிலது சட்டத்துக்காகக் கட்டினது, பைப் இருக்கும், குழி இருக்காது. சில இடத்துல பைப் நேரா ரோட்டுக் கால்வாய்க்குப் போகும்.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன். எங்க தொழில்ல ஒரு ப்ராடக்ட் ரிலீஸ் ஆகுற அன்னிக்கு கேக் வெட்டுவாங்க, லிங்க்ட்இன்ல போஸ்ட் போடுவாங்க. அதை அஞ்சு வருஷம் விழாம ஓட்டுற ஆளுக்கு யாரும் கேக் வெட்ட மாட்டாங்க. 2003 ஒரு அட்டகாசமான ரிலீஸ். மெயின்டனன்ஸ் டீம்தான் போடல.

எங்க பில்டிங் கதை

போன கோடைல எங்க மெயின்டனன்ஸ் பில்லுல டேங்கர் தொகை ஏறிக்கிட்டே போச்சு. நாங்க மூணு பேர் வாடகைக்கு இருக்கோம். செக்ரட்டரி அங்கிள்கிட்ட போய், "அங்கிள், நம்ம பில்டிங்ல மழைநீர் சேகரிப்பு இருக்கா?"னு கேட்டேன். "இருக்கே தம்பி, கட்டுறப்பவே போட்டது, சர்டிஃபிகேட்கூட இருக்கு"ன்னார். எங்க இருக்குன்னு கேட்டா அவருக்கும் தெரியல, வாட்ச்மேன் அண்ணாவுக்கும் தெரியல.

ஒரு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் மாடியில ஒரு பக்கெட் தண்ணியை ஊத்தி, கீழ ஓடிப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு பைப்பா அப்படியே. மொத்தம் நாலு பைப் இறங்குது. ரெண்டு நேரா தெருக் கால்வாய்க்குப் போகுது. மிச்ச ரெண்டு கார் பார்க்கிங் டைல்ஸுக்கு அடியில காணாமப் போகுது. "எப்பவோ டைல்ஸ் ஒட்டுறப்போ தொட்டி மூடியையும் சேர்த்து ஒட்டிட்டாங்க சார்"ன்னார். சர்டிஃபிகேட் மட்டும் பத்திரமா ஃபைல்ல இருக்கு.

அசோசியேஷன் மீட்டிங்ல இதைப் பேசினப்போதான் எனக்கு உண்மையான விவாதம்னா என்னன்னு புரிஞ்சது. கீழ் வீட்டு ஆன்ட்டி, "தண்ணி உள்ள இறங்கினா அஸ்திவாரம் என்ன ஆகும்? கொசு வேற வரும்"னு கேட்டாங்க. நியாயமான பயம். குழியை அஸ்திவாரத்துல இருந்து தள்ளி வைக்கணும், கொசுவலை போட்டு மூடி சரியா இருக்கணும், தண்ணி தேங்கி நின்னா குழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். இதெல்லாம் பிளம்பரே விளக்கினார். அவங்க சமாதானம் ஆயிட்டாங்க.

சமாதானம் ஆகாதது வேற விஷயம். எட்டு வீட்டுல அஞ்சு வீடு வாடகை. டேங்கர் காசு மாச மெயின்டனன்ஸ்ல வருது, அதைக் கட்டுறது நாங்க. தொட்டியைத் தோண்டி சரி பண்ற காசு பில்டிங் ரிப்பேர், அதைக் கட்ட வேண்டியது ஓனர். ஒரு ஓனர் வெளிநாட்டுல, ஒருத்தர் கோயம்புத்தூர்ல. தண்ணி இல்லாம கஷ்டப்படுறவங்களுக்கு ஓட்டு இல்ல, ஓட்டு இருக்கிறவங்க இங்க குளிக்கிறதே இல்ல.

உலக அளவுல நடக்கிற கிளைமேட் சண்டையை எட்டு வீட்டுக்குள்ள பார்த்த மாதிரி இருந்தது. சூடு அனுபவிக்கிறவன் ஒருத்தன், முடிவு எடுக்கிறவன் இன்னொருத்தன். இந்த இடத்துல "மாற்றம் உன்கிட்ட இருந்து ஆரம்பிக்கட்டும்"னு ஒரு போஸ்டர் ஒட்டினா என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது.

என்ன செஞ்சோம்? மூணு வருஷ டேங்கர் பில்லை எடுத்து, ரிப்பேர் எஸ்டிமேட் பக்கத்துல வெச்சு ஓனர்களுக்கு அனுப்பினோம். வாடகைக்காரங்க சேர்ந்து ஒரு பங்கு போடுறோம்னு சொன்னோம். ரெண்டு பைப் சரி பண்ண சம்மதம் கிடைச்சது. டைல்ஸை உடைச்சு, பழைய தொட்டியைத் தூர் வாரி, ஒரு உறைகிணறும் இறக்கினாங்க. கால்வாய்க்குப் போற மத்த ரெண்டு பைப் இன்னும் அப்படியேதான் இருக்கு. அடுத்த மீட்டிங்ல மறுபடி கேப்போம்.

வாங்க முடியுறதும் முடியாததும்

இதுல இருந்து எனக்குத் தோணுறது இதுதான். நம்ம வயசு ஆட்களுக்கு "கிரீன் லிவிங்"னு வந்து சேர்றது பெரும்பாலும் வாங்கக்கூடிய பொருளா இருக்கு. மூங்கில் பிரஷ், மெட்டல் ஸ்ட்ரா, எக்கோ ஃப்ரெண்ட்லி ஃபோன் கவர். ஏன்னா அதுக்கு ஒரு விளம்பரம் போடலாம், டெலிவரி பண்ணலாம். தொட்டி தூர் வாருறதை யாரும் இன்ஸ்டாகிராம்ல விக்க முடியாது. ஆனா ஊரைக் காப்பாத்துற வேலையில பெரும்பங்கு தூர் வாருற மாதிரியான வேலைதான்.

மஞ்சப்பை கதையும் இப்படித்தான். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. முதல் கொஞ்ச மாசம் ஹோட்டல்ல சாம்பாருக்குத் தூக்கு கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? அப்புறம் சோதனை தளர்ந்தது, கவர் திரும்பி வந்தது. 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு அரசு இயக்கம் ஆரம்பிச்சது, பத்து ரூபா போட்டா பை தர்ற மெஷின்கூட வெச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஜாம்பஜார்ல காய்கறி விக்கிற அக்காவுக்கு, பக்கத்துக் கடையும் கவர் தராதுங்கிற உறுதி இருந்தாத்தான் தானும் நிறுத்த முடியும். அதே லாட்ஜ் போர்வெல் பிரச்சனைதான்.

சரி, மழைநீர் சேகரிப்பால கார்பன் எவ்வளவு குறையும்? நேர்மையா சொல்றேன், கொஞ்சம்தான். கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்த, 1,000 லிட்டருக்கு 3ல இருந்து 4 யூனிட் கரன்ட் ஆகும். நெம்மேலில அதைத்தான் செய்யுறாங்க. எங்க பில்டிங்கோட 2.4 லட்சம் லிட்டருக்குக் கணக்கு போட்டா வருஷத்துக்குச் சுமார் 840 யூனிட் மிச்சம். ஒரே ஒரு வீட்டுல, ஒரே ஒரு ஏசி, மணிக்கு ஒரு யூனிட் வீதம் ராத்திரி 8 மணி நேரம், 120 ராத்திரி ஓடினா 960 யூனிட். எட்டு வீட்டு மழை சேர்ந்தும் ஒரு ஏசியை ஜெயிக்கல. அதனால யாராவது "குழி தோண்டி பூமியைக் காப்பாத்துங்க"ன்னு சொன்னா நம்பாதீங்க. குழி தோண்டுறது வரப்போற வெயிலையும் வெள்ளத்தையும் தாக்குப்பிடிக்க. சூட்டையே குறைக்கணும்னா கரன்ட் எதுல இருந்து வருதுங்கிறதுதான் பேச்சு. அங்க திரும்ப அரசாங்கம், மின் வாரியம், எண்ணூர்னுதான் போகணும். முதல் வாய்ஸ் நோட் அனுப்பினவங்க கோவம் அங்க சரியான இடத்துல இருக்கு.

அதுலயும் பாருங்க, ஏசி விஷயத்துல ஒரு சின்ன விதி வந்தது. 2020ல இருந்து விக்கிற ரூம் ஏசி ஆன் பண்ணினா 24 டிகிரில ஆரம்பிக்கணும்னு. நீங்க 18 வெச்சுக்கலாம், யாரும் தடுக்கல. ஆனா டிஃபால்ட் 24. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், டிஃபால்ட் செட்டிங்கைப் பெரும்பாலானவங்க மாத்துறதே இல்ல. யாருக்கும் உபதேசம் தேவைப்படல.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்கும். வருஷ மழைல பாதிக்கு மேல அந்த மூணு மாசத்துல வந்துடும். அதுக்கு முன்னாடி செப்டம்பர்ல உங்க பில்டிங்ல ஒரு சோதனை. எங்க பிளம்பர் செஞ்ச பக்கெட் டெஸ்ட்தான். மாடியில ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலயும் ஒரு பக்கெட் ஊத்துங்க, கீழ ஒருத்தர் நின்னு எங்க வருதுன்னு பார்க்கட்டும். ரோட்டுக்குப் போகுதா, கழிவுநீர்க் குழாய்ல சேருதா, குழிக்குள்ள இறங்குதா? குழிக்குள்ள போனா அரை நாள் கழிச்சு மூடியைத் திறந்து பாருங்க. தண்ணி இன்னும் நின்னா வண்டல் அடைச்சிருக்கு, தூர் வாரணும். மாடியையும் மழைக்கு முன்னாடி கூட்டிடுங்க. முதல் மழை அழுக்கைக் கழுவிட்டுப் போகட்டும், அது சம்ப்புக்குள்ள வர வேண்டாம்.

மண்ணு எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல. பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல்ல தண்ணி சட்டுனு இறங்கும், சின்னக் குழி போதும். களிமண் இருக்கிற இடத்துல கொஞ்சம் ஆழமா உறைகிணறு இறக்கணும். வேளச்சேரி பக்கம் பாறை. அதனால யூடியூப்ல பார்த்ததை அப்படியே செய்யாம, ஏரியா தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. அடுத்த தடவை வீடு பார்க்கப் போறப்போ பார்க்கிங் இருக்கா, வைஃபை வருமான்னு கேக்குறோம்ல, "மழைத்தண்ணி எங்க போகுது?"னும் கேளுங்க. நூறு பேர் கேட்டா புரோக்கர் ஓனர்கிட்ட சொல்வார். ஓனருக்குக் காது கேக்குற மொழி அதுதான்.

முதல் வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு: உங்க ஸ்டீல் பாட்டிலை விட்டுடாதீங்க, ஆனா உங்க கோவத்தைக் கொண்டு போய் அசோசியேஷன் மீட்டிங்லயும் வார்டு கவுன்சிலர்கிட்டயும் இறக்குங்க. ரெண்டாவது ப்ரோவுக்கு: வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும்னு சொன்னீங்க, சரி. ஆனா உங்க வீட்டோட நிறுத்தாதீங்க, பக்கத்து வீட்டு பைப்பும் உங்க பிரச்சனைதான்.

பக்கெட் டெஸ்ட் பண்ணினவங்க என்ன கண்டுபிடிச்சீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எத்தனை பைப், எத்தனை ரோட்டுக்குப் போகுது, மீட்டிங்ல யார் என்ன சொன்னாங்க, எல்லாத்தையும். மழை ஆரம்பிச்சதும் அதை வெச்சே ஒரு எபிசோட் பேசலாம். எங்க மிச்ச ரெண்டு பைப் என்ன ஆச்சுன்னும் அப்ப சொல்றேன். அதுவரைக்கும் பத்திரமா இருங்க மக்களே. வணக்கம்.